சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அது எந்த ஊர் என்றே தெரியவில்லை. நான் ரங்கூனில் பிறந்தவள். அம்மாவும் அங்கேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டவள். திருச்சிராப்பள்ளி என்பது அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு பெருமூச்சோடு சொல்லும் ஒரு பெயர், அவ்வளவுதான். அங்கே ஊருக்கு நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதன் உச்சியில் பிள்ளையார் உட்கார்ந்துகொண்டு யார் வீட்டில் என்ன சமையல் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு, பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பலில் அப்பா எங்களை அனுப்பிவைத்தார். அவர் ஒரு அரிசி ஆலையில் கணக்கர். ஆலையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்காமல் வர முடியாது என்றார். ‘பின்னாலேயே வரேன், நீங்க போயி சித்தப்பா வீட்டுல இருங்க’ என்று துறைமுகத்தில் நின்று கையசைத்தார். அவருடைய இடது தோள் எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கூட்டத்தில் அந்தத் தோளை வைத்துத்தான் கடைசிவரை அவரை அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்பட்ட கட்டடத்தில் குடியிருந்தார். நடுவில் நீளமாக ஒரு முற்றம், கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, இரண்டு பக்கமும் புறாக்கூண்டு மாதிரி போர்ஷன்கள். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். எங்களுக்கென்று சித்தப்பா போர்ஷனுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது.

வந்த புதிதில் அம்மாவோடு யாரும் பேசவில்லை. பேசவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. அம்மா தண்ணீர் இறைத்தால் பார்த்தார்கள், துணி உலர்த்தினால் பார்த்தார்கள், கொண்டை போட்டுக்கொண்டால் அதன் சாய்வைப் பார்த்தார்கள். பெயர் என்று ஒன்று இருப்பதையே மறந்து ‘ரங்கூன்காரி’ என்றார்கள். மாடி போர்ஷனில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண் இருந்தாள். ஸ்டோர் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் மாடி அக்கா. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அங்கெல்லாம் பாம்பைக் குழம்பு வச்சித் திம்பாங்களாமே?”

“தெரியலீங்க. எங்க தெருவுல எல்லாரும் கத்தரிக்காதான் வாங்குவாங்க” என்றாள் அம்மா.

இதில் சித்திக்குப் பெரிய மானக்கேடு நாங்கள் டீ குடித்ததுதான். ரங்கூனில் டீ என்றால் டின் பால் ஊற்றிக் கெட்டியாக, சாயந்திரத்தின் நிறத்தில் இருக்கும். அம்மா அதே ஞாபகத்தில் முதல்நாள் மத்தியானம் டீ போட்டுவிட்டாள். சித்தி ஓடிவந்து கதவைச் சாத்தினாள். “அக்கா, இங்க கௌரவமானவங்க வீட்டுல டீ போட மாட்டாங்க. ரயில் ஸ்டேஷன்ல மூட்டை தூக்குறவன் குடிக்கிறது. காப்பி போடத் தெரியாதா உங்களுக்கு?” என்றாள். அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் காப்பி போடத் தெரியாது என்பது, அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைவிட மோசம்.

அம்மா தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவள். மறுநாளே கிணற்றடிக்குப் பக்கத்துப் போர்ஷனில் இருந்த அம்மாளிடம் போய், “எனக்குக் காப்பி போடச் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டாள். வயது வித்தியாசம் பாராமல் ஸ்டோர் முழுவதும் அந்த அம்மாளைக் கிணற்றடி அத்தை என்றே கூப்பிட்டது. ஸ்டோரின் கோர்ட்டும் போலீசும் அவர்தான். கண்டிப்பானவர். குடத்தின் மேல் காக்கை உட்கார்ந்துவிட்டால் குடத்தைத் தேய்த்துவிட்டுத் தானும் தலையோடு குளித்துவிட்டு வருகிறவர். அவரிடம் இப்படி யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார்.

“கொட்டையை வறுக்கும்போது பேசப்படாது. வாசனை மாறும்போது மூக்கு சொல்லும், அதைக் கேக்கணும். வா” என்றார்.

அம்மாவுக்குக் காப்பி வந்தது. அதற்குப் பதிலாக அம்மா கொடுக்க என்ன இருந்தது? இடியாப்பத்தை உதிர்த்து, சிவக்க வறுத்த வெங்காயமும் பொட்டுக்கடலை மாவும் மிளகாயும் புளித்தண்ணீரும் விட்டு, கையாலேயே பிசைந்து, ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். ரங்கூன் தெருக்களில் விற்பது. கிணற்றடி அத்தை முதலில் மோந்து பார்த்தார். பிறகு ஒரு வாய் போட்டுக்கொண்டு, “என்ன கண்றாவி இது” என்றார். பிறகு கிண்ணத்தைக் காலி பண்ணினார். இரவல் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த ஸ்டோரில் கிடையாது. எங்கள் கிண்ணம் ஒரு கை மணப்பாறை முறுக்கோடு வீட்டுக்கு வந்தது.

அப்புறம் அந்தக் கிண்ணம் சும்மா இருக்கவில்லை. மாடிக்குப் போனது, எதிர்வரிசைக்குப் போனது, சித்தி வீட்டுக்கே போனது. திரும்பும்போது ஒருநாள் கறிவேப்பிலை, ஒருநாள் வெல்லம், ஒருநாள் வெறும் உப்பாவது இருக்கும். கோடைக்காலம் முடிவதற்குள் மத்தியானக் காப்பி என்றால் எங்கள் அறை வாசல்தான் என்று ஆகிவிட்டது. பெண்கள் ஆளுக்கொரு டம்ளரோடு முற்றத்தில் வட்டமாக உட்காருவார்கள். அம்மா நடுவில். பேர்தான் காப்பி, பொழுது சாயும்வரை ஊரையே அரைத்து எடுப்பார்கள். விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் ஒவ்வொருத்தராக எழுந்து, “அப்ப போயிட்டு வரேங்க, ரங்கூன் அக்கா” என்பார்கள். “போயிட்டு வாங்க” என்பாள் அம்மா. பத்தடி தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போகத்தான் இத்தனை உபசாரம். அம்மாவின் முகம் அந்த நேரத்தில் மட்டும் கப்பலேறுவதற்கு முன்பிருந்த முகமாக இருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பாவின் பீங்கான் கோப்பையை அம்மா பெட்டியில் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பக்கவாட்டில் நீல மயில் ஒன்று. தினமும் எல்லாருக்கும் காப்பி ஊற்றிய பிறகு அந்தக் கோப்பையிலும் ஊற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். “அவர் வர்றதுக்குள்ள கை பழகணுமில்ல” என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். “இந்த வாசனைக்கு மனுஷன் கடல்ல நீந்தியே வந்துடுவார்” என்பாள் மாடி அக்கா. கடைசியில் ஆறிப்போன அந்தக் காப்பியை நான் குடிப்பேன். அது எனக்கு ஒரு பதவி மாதிரி.

ஆடி பிறந்த சில நாட்களில் அந்த ஆள் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வீட்டில் இருந்தார். வெயில் கொளுத்தியது, காற்றும் பேயாக அடித்தது. சந்தின் புழுதியெல்லாம் ஸ்டோர் வாசலில் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் புழுதிக்கு நடுவில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று நான் பார்க்கவில்லை. நான் பார்க்கும்போது இருந்தான். சட்டை அவன்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. சித்தப்பா பெயரைச் சொல்லிக் கேட்டான். “ரங்கூன்லேருந்து நடந்து வரோம்” என்றான். ஒற்றை ஆள், ஆனால் வரோம் என்றான்.

நான் ஒரே ஓட்டமாக ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடனே பாலை அடுப்பில் வைத்தாள். வந்தவருக்கு முதலில் காப்பி, சேதி அப்புறம். அதற்குள் அந்த ஊர்க்காரியாகவே ஆகியிருந்தாள். சித்தப்பா அந்த ஆளைச் சந்துக்குள் அழைத்துப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது சித்தப்பா உரத்த குரலில் பேசிக்கொண்டே வந்தார். எங்கள் சித்தப்பா உரக்கப் பேசுகிறவர் அல்ல.

“அண்ணி, நல்ல சேதிதான். அண்ணன் பின்னாடி ஒரு கூட்டத்தோட நடந்து வராராம். கால்ல ஏதோ புண்ணாம். அதான் தாமதம். வந்துடுவாராம்.”

அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்து பார்த்தான், கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. வாயருகே கொண்டுபோகவே இல்லை. மெதுவாகத் தரையில் வைத்தான். எழுந்தான். அந்த வீங்கின காலோடு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், நேராக வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “போயிட்டு வரேன்னுகூடச் சொல்லலைம்மா!” என்றேன். அம்மா அவன் போன திசையைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஆடை படிந்து சுருங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துப்போய்க் கிணற்றுக்குப் பக்கத்து முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அன்று சாயந்திரத்திலிருந்து ஸ்டோர் மாறிவிட்டது.

எல்லாரும் எங்களிடம் பிரியமாக இருந்தார்கள். அவ்வளவு பிரியத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, கொஞ்சம் பயமாகவே இருந்தது. டீ குடித்ததற்குக் கதவைச் சாத்திய சித்தி, அம்மாவைப் பிடித்து உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். பின்னும்போது அவள் முகம் அம்மாவுக்குத் தெரியாது, எதிரே இருந்த எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கிண்ணம் திரும்பி வரும்போது முறுக்கோ வெல்லமோ வரவில்லை. மஞ்சள் கிழங்கு வந்தது. குங்குமம் வந்தது. கண்ணாடி வளையல் வந்தது. பூ வந்தது. ஒரு வீட்டிலிருந்து மல்லிகை, இன்னொரு வீட்டிலிருந்து கனகாம்பரம், மாடியிலிருந்து கதம்பம். ஒரு தலை தாங்காத பூ. அம்மா எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாள். நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் தேர் போவதுபோல இருக்கும். ஒருவழியாக இந்த ஊர் நம்மைச் சேர்த்துக்கொண்டது, எல்லாம் அந்த இடியாப்பம் செய்த வேலை என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆனால் நான் முற்றத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். நடுவார்த்தையில் நிற்கும். கிணற்று ராட்டினம்கூட அந்த நேரத்தில் நிற்பதுபோல இருக்கும். என் தலையைத் தடவுவார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தடவியதில் எனக்குத் தலை எண்ணெய் முழுவதும் போய்விட்டது. கதவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, துணி உலர்த்தும் கொடிக்கு அந்தப்பக்கம், எங்கே நின்றாலும் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழும்: “ஆடிப்பெருக்கு கழியட்டும்.”

கிணற்றடி அத்தை சித்தியிடம் சொன்னார், ஆடிப்பெருக்கு கழியட்டும். சித்தி சித்தப்பாவிடம் சொன்னாள், ஆடிப்பெருக்காவது கழியட்டும். நானும் யோசித்துப் பார்த்து விடை கண்டுபிடித்துவிட்டேன். ஆடிப்பெருக்கன்று அப்பா வரப்போகிறார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் சொல்லாமல் திடுக்கென்று ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள். ஆகவே நானும் சொல்லவில்லை. எவ்வளவு சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மத்தியானக் காப்பி மட்டும் நிற்கவில்லை. எல்லாரும் வந்தார்கள், எப்போதும் வராதவர்கள்கூட வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால் மயில் கோப்பையில் அம்மா காப்பி ஊற்றும்போது யாரும் கேலி செய்யவில்லை. எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைக்குப் போகும், சுட்டதுபோல விலகும். நான் வழக்கம்போல அதை எடுக்கப்போனேன். “வேணாம், அதை நீ குடிக்காதே” என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்தது. அம்மா கோப்பையை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றினாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு காக்கை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. கிணற்று ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்து, அம்மா ஊற்றும்வரை காத்திருந்தது. ஒரு பக்கம் இறக்கை கொஞ்சம் தொங்கியிருந்தது. என் பதவியைப் பறித்துக்கொண்ட அந்தக் காக்கைமேல் எனக்கு ஆத்திரம். ஒருநாள் கல்லை எடுத்து ஓங்கினேன்.

“விரட்டாதடி!” என்று ஐந்தாறு குரல்கள் ஒன்றாகக் கத்தின. மாடி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கல் என் கையிலேயே இருந்தது. அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள், ஐயோ காட்டிக்கொடுத்துவிட்டோமே என்பதுபோல. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள்.

“குடிக்கட்டும், விடு” என்றாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். கூட்டம் கலையும்போது யாரும் ‘போயிட்டு வரேன்’ சொல்வதில்லை. காப்பி முடியும். பேச்சு நிற்கும். ஒருத்தர் எழுவார், டம்ளரைக் கவிழ்த்து வைப்பார், திரும்பிப் பார்க்காமல் போவார். அடுத்தவர் எழுவார். முற்றத்தில் காற்று மட்டும் ஓசையிடும். வரிசையாக, வாயில்லாத ஜனங்கள்போல. அம்மாவும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லவில்லை. இதோடும் முடியவில்லை. போனவர்கள் வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குப் போய், கட்டின புடைவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். “என்ன அத்தை, இப்ப குளிக்கிறீங்க?” என்று கேட்டேன். “புழுக்கம்டி” என்றார் கிணற்றடி அத்தை. ஆடிக் காற்றில் அவர் பல் கிடுகிடுத்தது. நனைந்த பெண்கள் ஒவ்வொருத்தராக இருட்டிக்கொண்டு வரும் முற்றத்தைக் கடந்து போவதை அம்மா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர். வீட்டுக்கு வீடு கலந்த சாதம் கட்டினார்கள்: எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர். அம்மா தன் பங்குக்கு ரங்கூன் இடியாப்பம். சித்தி மட்டும் தலைவலி என்று வரவில்லை. சித்தப்பா கடை வேலையாக மணப்பாறைக்குப் போவதாகச் சொல்லி விடியும் முன்பே கிளம்பியிருந்தார். திருச்சிப் பக்கத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எங்களை ஏற்றி வந்த வண்டிக்காரர் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு, அம்மா மண்டபம் என்கிற படித்துறைக்கே ஓட்டிவிட்டார். நான் பாலம் நெடுக அப்பாவைத் தேடிக்கொண்டே போனேன்.

படித்துறையில் விளக்கேற்றி, மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரியைக் கும்பிட்டார்கள். பிறகு மஞ்சள் சரடு. கல்யாணமான பெண்கள் எல்லாரும் அன்று கழுத்தில் புதுச் சரடு கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டோர் பெண்களுக்கெல்லாம் மூத்தவர் கிணற்றடி அத்தை, அவர்தான் வருஷாவருஷம் கட்டிவிடுவார். ஒவ்வொருத்தருக்காகக் கட்டிக்கொண்டே வந்தார். அம்மாவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கையில் சரடு இருந்தது. கை எழவில்லை. மற்றப் பெண்கள் எல்லாரும் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாப் படியிலும் அத்தனை ஜனக்கூச்சல், எங்கள் படியில் மட்டும் ஓசையே இல்லை.

அம்மா தலை குனிந்து, பூக்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். “கட்டுங்க அத்தை” என்றாள்.

காக்கை தொட்ட குடத்துக்காகத் தலை முழுகுகிற அந்த அம்மாள் கட்டினார். மூன்று முடிச்சும் போட்டார். முடிச்சுப் போட்டு முடிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார்கள். அன்று எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம்.

எல்லாரும் சாதம் பரிமாறத் தொடங்கியபோது நான் நழுவினேன். கூட்டத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டு மண்டபத்தின் அந்தக் கோடிக்கு, விளக்கும் பூவும் இல்லாத படிகளுக்கு வந்துவிட்டேன். அங்கே தண்ணீர் ஓரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கின முதுகு.

“அப்பா!” என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அந்த மனிதர் திரும்பினார். அது யார் முகமும் இல்லை. தலையில் முடியில்லை. மீசை இல்லை. மீசை இருந்த இடம் வெளுத்து, வேறு யாருடையதோபோல இருந்தது. அந்த முகத்துக்குள்ளிருந்து மெல்ல மெல்லச் சித்தப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் முன்னால் வாழையிலையில் எள்ளுப் போட்டுப் பிசைந்த சோற்று உருண்டைகள் இருந்தன. நமக்குச் சொல்லாமல் இவரும் கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“எனக்கு ஒண்ணு குடுங்க சித்தப்பா.”

பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர் “சிவ சிவா” என்று இலையை இழுத்துக்கொண்டார். சித்தப்பா என்னைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “சமயபுரத்து மாரியம்மனுக்கு வேண்டுதல்டா கண்ணு. அப்பா நல்லபடியா வரணும்னு. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதே, சொன்னா பலிக்காது” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். ஓடிப்போய் அம்மா மடியில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டேன். சித்தப்பா அவ்வளவு நல்லவர் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அவர் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். சமயபுரம், வேண்டுதல், மொட்டை என்று தானாகவே சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மீசையுமா, தம்பி?”

“ஆமா அண்ணி. எல்லாத்தையும்தான் எடுக்கணும்னாங்க.”

அம்மா போய்க் காப்பி கலந்தாள். அன்று அதை மயில் கோப்பையில் ஊற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. “அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் தம்பி. காப்பி ஆறுது, குடிங்க” என்றாள் அம்மா.

சித்தப்பா சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா தலையிலிருந்த பூவை ஒவ்வொரு சரமாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவசரமே இல்லாமல் எடுத்தாள். நிறைய இருந்ததால் வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் சில நாட்கள் வீடு முழுக்க உறவுக்காரர்கள். அப்பாவுக்குக் காட்டில் காய்ச்சல் வந்தது, நல்ல மனிதர், சாமிகிட்ட போயிட்டார் என்றெல்லாம் எனக்குச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தோடு வருகிறவர் எப்படிச் சாமிகிட்ட போவார்? அம்மா வெள்ளைப் புடைவையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். காப்பி கிடையாது. கிண்ணம் எங்கும் போகவில்லை, எதுவும் வரவில்லை. நாங்கள் மறுபடியும் முதல்நாள் கப்பலிலிருந்து இறங்கினவர்களாக ஆகிவிட்டோம். இனிமேல் நல்லநாள் கிழமையில் யாரும் அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள், காலையில் எதிரே வந்தால்கூட ஒதுங்குவார்கள் என்று உறவுக்காரர்களில் ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

உறவெல்லாம் கிளம்பிப் போன ஒரு மத்தியானம், அம்மா எழுந்து காப்பிக்கொட்டையை வறுத்தாள். பேசாமல் வறுத்தாள். வாசனை முற்றத்தைக் கடந்து, மாடிப்படி ஏறிப் போனது. வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். யாரும் வரவில்லை. பால் பொங்கி அடங்கியது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் கரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாளே, அதே பார்வை.

முதலில் மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. பிறகு கிணற்றடி அத்தை தன் டம்ளரோடு வந்தார். ஒவ்வொருத்தராக வந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்று, பழைய இடத்திலேயே வட்டமாக உட்கார்ந்தார்கள். காப்பி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் கிணற்றடி அத்தை எழுந்தார். டம்ளரைக் கவிழ்த்தார். பேசாமல் திரும்பி நடந்தார்.

“சொல்லிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

அத்தை நின்றார். திரும்பவில்லை.

“சொல்லிக்காம எந்திரிச்சுப் போனது போதும் அத்தை. அவர் சேதி கொண்டாந்த ஆள் போனதுலேருந்து நீங்க யாரும் சொல்லிட்டுப் போகலை. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்குச் சொல்லிட்டுப் போங்க. அப்பத்தான் நாளைக்கு வருவீங்க.”

அந்த முற்றத்தில் அப்போது என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. மாடி அக்கா வாய்விட்டே அழுதுவிட்டாள். கடைசியில் அத்தை திரும்பி, மூக்கைச் சிந்திக்கொண்டு, “போயிட்டு வரேம்மா” என்றார். பிறகு எல்லாரும் சொன்னார்கள், ஒவ்வொருத்தராக, ஏதோ பெரிய சத்தியம் செய்வதுபோல. அம்மா ஒவ்வொருத்தருக்கும் “போயிட்டு வாங்க” என்றாள். அன்று யாரும் கிணற்றடிக்குப் போகவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமான புதிதில், மாமியாரோடு உறையூரில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். எழுந்திருக்கும்போது வழக்கம்போல ‘போயிட்டு வரேன்’ என்று வாயெடுத்தேன். மாமியார் என் கையை நறுக்கென்று கிள்ளினார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா அதை அந்த முதல் மத்தியானமே தெரிந்துகொண்டிருக்கிறாள், ஆடை படிந்த அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. பத்தடி தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் இதற்குப் போய் இப்படி அழுகிறார்களே என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்ன மாதிரியே நானும் வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு, போகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். முருங்கை மரத்தடியில் கொட்டாங்குச்சி காய்ந்து கிடந்தது. ராட்டினத்தில் காக்கையைக் காணோம். அதுவும் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.